உப்சாலா பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஎச்.டி. முடித்தவர்களும் முடிக்கப்போகிறவர்களும் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு வேலை, பற்றி என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். திறமை இருந்தும் விதி தெரியாததால் வாய்ப்பை விட்டவர்கள் பலர். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அதனால் சில கேள்விகளுக்குப் பதில் நீளமாகவே இருக்கும். இங்கே சொல்வதில் பெரும்பகுதி சுவீடனின் மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும்.

உப்சாலாவில் எந்தத் துறைகளுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது?

உப்சாலா ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே சுமார் 70 கி.மீ. தொலைவில் உள்ள ஊர். ரயிலில் 40 நிமிடம். பல்கலைக்கழகம் 1477-இல் தொடங்கியது, நார்டிக் நாடுகளிலேயே பழையது. வெப்பநிலையை நாம் அளக்கும் செல்சியஸ் அளவு 1742-இல் இந்த ஊரில் பிறந்ததுதான்.

இயற்பியல், பொருளறிவியல், பேட்டரி, சூரிய மின்கலம் என்றால் ஆங்ஸ்ட்ரோம் ஆய்வகம். உயிர்வேதியியல், மருந்தியல் என்றால் பி.எம்.சி. என்று எல்லோரும் சொல்லும் உயிர்மருத்துவ மையம். பரிணாம உயிரியலுக்குத் தனி மையமே இருக்கிறது. மரபணு வரிசையாக்கம் போன்ற பெரிய கருவிகளுக்கு, ஸ்டாக்ஹோமும் உப்சாலாவும் சேர்ந்து நடத்தும் சைலைஃப்லேப் என்ற மையம் உண்டு.

சமூக அறிவியல்காரர்கள் உப்சாலாவை மறந்துவிடுகிறார்கள். உலகின் ஆயுத மோதல்களை ஆண்டுவாரியாகப் பதிவு செய்யும் உப்சாலா மோதல் தரவுத் திட்டம் இங்கேதான் இயங்குகிறது. இலங்கைப் போரும் அதில் பதிவாகியிருக்கிறது. அமைதி, மோதல் ஆய்வில் இருப்பவர்கள் இந்தத் துறையின் விளம்பரங்களைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். இதே ஊரில் சுவீடன் வேளாண் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அது தனி நிறுவனம், அதற்குத் தனி வேலைவாய்ப்புப் பக்கம். பயிர், மண், கால்நடை, காடு என்று ஆய்வு செய்பவர்கள் அங்கேயும் பார்க்க வேண்டும்.

போஸ்ட்டாக் என்பது படிப்பா, வேலையா?

சுவீடனில் அது வேலை. மாணவர் என்ற தகுதி இல்லை, கட்டணம் இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தின் ஊழியராகச் சேர்கிறீர்கள். மாதச் சம்பளம், ஓய்வூதியச் சேமிப்பு, சம்பளத்தோடு விடுப்பு, குழந்தை பிறந்தால் பெற்றோர் விடுப்பு எல்லாம் உண்டு. அரசு ஊழியருக்கு ஆண்டு விடுப்பு 29 வயது வரை 28 நாள், 30 முதல் 31 நாள், 40 முதல் 35 நாள்.

வேலைக்காலம் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 3 ஆண்டு. அரசுத் தரப்பு முதலாளிகள் அமைப்பும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இது இருக்கிறது. 2022 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ளது. வேலை முதன்மையாக ஆராய்ச்சிதான். கொஞ்சம் வகுப்பெடுக்கச் சொல்லலாம், ஆனால் அது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

பிஎச்.டி. முடித்து எத்தனை ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்?

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். விண்ணப்பத்தின் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 3 ஆண்டுக்குள் பட்டம் பெற்றவருக்கே முதன்மையாக வேலை தரப்படும். ஊரில் ஒரு தனியார் கல்லூரியில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, கொஞ்சம் பணம் சேர்ந்த பிறகு வெளிநாடு பார்க்கலாம் என்று இருப்பவர்களுக்கு இந்தக் கதவு சத்தமில்லாமல் மூடிவிடுகிறது. கட்டுரைகள் கூடியிருக்கும், அனுபவம் கூடியிருக்கும், ஆனால் பட்டத்தின் தேதி மட்டும் நிராகரித்துவிடும்.

இதில் விலக்கு இருக்கிறது. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு, உடல்நலக் குறைவு, மருத்துவர்களுக்கு மருத்துவமனைப் பணி போன்ற காரணங்களால் இடைவெளி விழுந்தால் அந்தக் காலத்தைக் கழித்துப் பார்ப்பார்கள். பெண் ஆய்வாளர்களிடம் இதை அழுத்திச் சொல்வேன். பிரசவத்துக்காக ஒன்றரை வருடம் ஆய்வை விட்டு விலகியிருந்தீர்கள் என்றால், அதை மறைக்காமல் தேதியோடு எழுதுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், விடுப்புக் கடிதம் இரண்டையும் தயாராக வைத்திருங்கள். அந்த வரியை எழுதக் கூச்சப்பட்டு, தகுதி இருந்தும் தள்ளப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

வயது வரம்பு என்று எதுவும் கிடையாது. 42 வயதில் பிஎச்.டி. முடித்தவருக்கும் அதே 3 ஆண்டுதான்.

வைவா (வாய்மொழித் தேர்வு) இன்னும் முடியவில்லை. இப்போதே விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். வேலைக்கு எடுக்கும் முடிவைப் பல்கலைக்கழகம் எடுக்கும் நாளுக்குள் பட்டம் கையில் இருந்தால் போதும். நம் ஊரில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு வைவாவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அது சுவீடன்காரர்களுக்குத் தெரியாது. ஆகவே கடிதத்திலேயே தெளிவாக எழுதுங்கள்: ஆய்வேட்டைச் சமர்ப்பித்தது எந்தத் தேதி, வைவா எந்த மாதம் எதிர்பார்க்கிறீர்கள் என்று. வைவா முடிந்திருந்தால் புரொவிஷனல் சர்டிபிகேட்டை இணையுங்கள். பட்டமளிப்பு விழா வரை காத்திருந்து மூன்றாண்டுக் கணக்கில் ஒரு வருடத்தை வீணாக்காதீர்கள்.

விளம்பரங்கள் எங்கே வரும்?

பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில். ஐரோப்பிய ஆணையம் நடத்தும் யூராக்சஸ் தளத்திலும் பல இடங்கள் வெளியாகும். விண்ணப்பம் வார்பி என்ற இணைய வாசல் வழியாகத்தான். மின்னஞ்சலில் அனுப்பும் விண்ணப்பம் கணக்கில் சேராது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு பதிவு எண் இருக்கும், கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

விளம்பரத்தில் ‘கட்டாயத் தகுதிகள்’ என்று ஒரு பகுதியும் ‘இருந்தால் நல்லது’ என்று ஒரு பகுதியும் இருக்கும். முதல் பகுதியில் ஒன்று குறைந்தாலும் பெரும்பாலும் வாய்ப்பில்லை. இரண்டாவதில் பாதி இருந்தாலே தயங்காமல் அனுப்புங்கள்.

விளம்பரம் வருவதற்கு முன்பே பேராசிரியருக்கு எழுதலாமா?

எழுதலாம். ஆனால் எப்படி எழுதுவது என்பதற்கு உப்சாலாவிலேயே ஒரு கதை இருக்கிறது.

ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1884-இல் இங்கே தன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். உப்பு நீரில் கரையும்போது மின்னூட்டமுள்ள துகள்களாகப் பிரிகிறது என்ற எண்ணத்தின் வித்து அதில்தான் இருந்தது. தேர்வாளர்களுக்கு அது பிடிபடவில்லை, மிகக் குறைந்த தரத்தையே கொடுத்தார்கள். அந்தத் தரத்தில் பல்கலைக்கழக வேலை கிடைக்காது. அர்ரீனியஸ் தன் ஏட்டை, அது புரியக்கூடிய சிலருக்கு மட்டும் அனுப்பினார்: கிளாசியஸ், லோதர் மேயர், வான்ட் ஹாஃப், ரீகாவில் இருந்த ஓஸ்ட்வால்ட். ஓஸ்ட்வால்ட் அதே ஆண்டு உப்சாலாவுக்கே நேரில் வந்து ரீகாவில் வேலை தருவதாகச் சொன்னார். 1903-இல் அர்ரீனியஸுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சில பேரைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. நம்மவர்கள் இருநூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புகிறார்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர விரும்புகிறேன்’ என்று தொடங்கும் கடிதம் முதல் வரியிலேயே அழிக்கப்படும். பெறுபவர் பெண்ணாகவும் இருக்கலாம், அங்கேயும் ‘ஐயா’தான்.

சுவீடனில் எல்லோரையும் முதல் பெயரால்தான் அழைப்பார்கள். 1967-இல் பிரூர் ரெக்செட் என்ற மருத்துவர் அரசு மருத்துவ வாரியத்தின் தலைவராகப் பொறுப்பேற்றபோது, எல்லோரையும் ‘நீ’ என்றே அழைக்கப்போவதாக ஊழியர்களிடம் அறிவித்தார். அவர் அதற்கு முன் உப்சாலாவில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்தவர். அந்தக் காலத்தில் மரியாதைச் சொற்கள் நாடு முழுக்க மறைந்துபோயின. ஆகவே ‘அன்புள்ள அன்னா’ என்று எழுதுவது மரியாதைக் குறைவு ஆகாது. கைடைப் பெயர் சொல்லி அழைத்தே பழகாத நமக்கு முதல் மாதம் நாக்கு கூசும், அப்புறம் பழகிவிடும்.

கடிதம் பத்து வரிக்குள் இருக்கட்டும். அவருடைய எந்தக் கட்டுரையின் எந்த முடிவு உங்கள் வேலையோடு தொடுகிறது, நீங்கள் கையால் செய்யத் தெரிந்தது எது, எப்போது வரமுடியும், பணத்துக்கு எந்த உதவித்தொகைக்குச் சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறீர்கள் என்பவை போதும். பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

சி.வி.யிலும் கடிதத்திலும் என்ன இருக்க வேண்டும்?

தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை, புகைப்படம், கடைசியில் ‘மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன்’ என்ற உறுதிமொழி. இவை எதுவும் வேண்டாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் வேண்டாம்.

கருவிகளைப் பட்டியல் போடும்போது, தானே இயக்கியது எது, மாதிரியைக் கொடுத்து முடிவை வாங்கியது எது என்று பிரித்துக் காட்டுங்கள். பெரிய கருவியை மையக் கூடத்தில் வேறொருவர் இயக்கியிருப்பார், சி.வி.யில் நம் பெயரில் ஏறிவிடும். நேர்காணலில் அதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

கட்டுரைப் பட்டியலில் ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்களில் வந்த பன்னிரண்டைவிட, துறையில் எல்லோரும் படிக்கும் இதழில் வந்த இரண்டு மேல்.

கடிதம் ஒன்று அல்லது இரண்டு பக்கம். விளம்பரத்தில் கேட்ட ஒவ்வொரு கட்டாயத் தகுதிக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். மதிப்பிடுபவர் அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பார்.

பரிந்துரைக் கடிதம் கைடிடம் வாங்கி இணைக்க வேண்டுமா?

பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பேரின் தொடர்பு விவரத்தைத்தான் கேட்பார்கள். கடைசிச் சுற்றில் அவர்களே தொடர்புகொள்வார்கள். கைடுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். திடீரென்று தொலைபேசி வந்தால் எந்த மாணவர் என்று யோசிக்கும் நிலை வரக்கூடாது. கைடோடு உறவு சரியில்லை என்றால் ஆய்வுக் குழு உறுப்பினர், இணைந்து கட்டுரை எழுதியவர் என்று வேறொருவரைத் தரலாம், அதில் குற்றமில்லை.

நேர்காணல் எப்படி இருக்கும்?

காணொளியில், ஒரு மணி நேரம் போல. முதலில் உங்கள் ஆய்வைப் பற்றி 15–20 நிமிடம் பேசச் சொல்வார்கள். ஆய்வகத்தின் மாணவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். இவரோடு இரண்டு வருடம் ஒரே மேசையில் காபி குடிக்கமுடியுமா என்று அவர்களும் பார்க்கிறார்கள், அவர்கள் கருத்துக்கு மதிப்பு உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். நீங்களும் கேள்வி கேட்பீர்கள் என்று காத்திருப்பார்கள்: பணம் எத்தனை ஆண்டுக்கு உறுதி, முந்தைய போஸ்ட்டாக் இப்போது எங்கே இருக்கிறார், சொந்த யோசனைக்கு நேரம் உண்டா என்பவற்றைக் கேளுங்கள்.

நேர வித்தியாசத்தைச் சரிபாருங்கள். சுவீடன் குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், கோடையில் மூன்றரை.

எப்போது முடிவு தெரியும்? யாரை எடுத்தார்கள் என்று கேட்கமுடியுமா?

மாதங்கள் ஆகலாம். ஜூலையில் நாடே விடுமுறையில் இருக்கும், அந்த மாதம் பதில் எதிர்பார்க்க வேண்டாம்.

கேட்கமுடியும், அது உங்கள் உரிமை. சுவீடனில் அரசு அலுவலகத்துக்கு வரும் ஆவணங்கள் பொது ஆவணங்கள். விண்ணப்பித்தவர்கள் யார், தேர்வானவரின் சி.வி. என்ன என்று யார் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். உங்கள் விண்ணப்பத்தையும் அதேபோல் யாரும் கேட்கலாம் என்பதால், வெளியே தெரியக்கூடாத சொந்த விஷயங்களை எழுதாதீர்கள்.

வேலை முடிவு பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் வரும். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள், உயர்கல்விக்கான மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். அங்கே வெல்வது அரிது என்பதால் அதை நம்பி இருக்கச் சொல்லமாட்டேன். ஆனால் தேர்வானவரின் விண்ணப்பத்தை ஒருமுறை வாங்கிப் படியுங்கள். எனக்குத் தெரிந்தவரை, அடுத்த விண்ணப்பத்தைச் சரிசெய்ய அதைவிட நல்ல பாடம் இல்லை.

சம்பளம் எவ்வளவு? கையில் எவ்வளவு நிற்கும்?

ஆளுக்கு ஆள் பேசி முடிவு செய்வார்கள். அண்மை ஆண்டுகளில் மாதம் 40,000 குரோனரை (சுவீடன் நாணயம்) ஒட்டி, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வரி போக 31,000 அளவு கையில் வரும். ஒவ்வொரு மாதமும் 25-ஆம் தேதி சம்பள நாள். முதல் சம்பளம் வரும்வரை செலவுக்குக் கையில் பணம் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஆய்வாளர்கள் சிலருக்குச் சம்பளத்தில் 25% வரியில்லாமல் விடும் ஒரு சலுகை இருக்கிறது. எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் வேலை தொடங்கி 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்காவிட்டால் யாருக்குமே கிடைக்காது. போன முதல் வாரத்திலேயே எச்.ஆர்.-இடம் கேளுங்கள்.

‘ஸ்டைபெண்ட்’ போஸ்ட்டாக் என்று ஒரு பேராசிரியர் சொல்கிறார். ஏற்கலாமா?

யோசித்து ஏற்க வேண்டிய விஷயம். கார்ல் டிரிக்கர், வென்னர்-கிரென் போன்ற அறக்கட்டளைகள் இத்தகைய உதவித்தொகை தருகின்றன. இதற்கு அங்கே இருக்கும் பேராசிரியர்தான் விண்ணப்பிப்பார். தொகைக்கு வரி இல்லை, அதனால் கையில் வருவது வேலையில் இருப்பவரின் தொகையை நெருங்கியே தெரியலாம்.

வித்தியாசம் உடம்பு சரியில்லாமல் போகும்போது தெரியும். வேலை என்றால் நோய்க்காலத்திலும் சம்பளத்தில் பெரும்பகுதி வரும், குழந்தை பிறந்தால் சம்பளத்தை ஒட்டிய பெற்றோர் உதவி வரும், ஓய்வூதியம் சேரும். உதவித்தொகையில் இருப்பவருக்கு அந்தச் சம்பளக் கணக்கே இல்லை, பெற்றோர் உதவி அடிமட்டத் தொகைதான். இரண்டு வருடத்தில் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உள்ள தம்பதியர் இந்த ஒன்றையே முதலில் பார்க்க வேண்டும்.

நல்ல ஆய்வகம், நல்ல கேள்வி, வேறு வழியில்லை என்றால் ஏற்கலாம். ஆனால் எவ்வளவு காலத்துக்கு, காப்பீடு யார் எடுப்பார்கள், இதற்குப் பின் வேலையாக மாற்றுவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். அங்கே இது சாதாரணமான கேள்வி.

மேரி கியூரி உதவித்தொகையோடு உப்சாலா போகலாமா?

போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்ளடோவ்ஸ்கா கியூரி போஸ்ட்டாக் திட்டத்தில் நாட்டுக் கட்டுப்பாடு இல்லை. பட்டம் பெற்று 8 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் சுவீடனில் இருந்திருக்கக் கூடாது. சுவீடனின் 3 ஆண்டு எல்லையைத் தாண்டிவிட்டவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய வழி இது.

போட்டி கடுமை. 2024-இல் 10,000 சொச்சம் விண்ணப்பங்கள், 2025-இல் 17,000-க்கும் மேல். கடைசி நாள் வழக்கமாகச் செப்டம்பரில் வரும். பேராசிரியரை மார்ச், ஏப்ரலிலேயே பிடிக்க வேண்டும். ஆகஸ்டில் எழுதிக் கேட்பவருக்கு அவர் நேரம் ஒதுக்கமாட்டார்.

விசா, குடும்பம்?

ஆய்வாளருக்கான வதிவிட அனுமதி தனி வகை. பல்கலைக்கழகம் தரும் வரவேற்பு ஒப்பந்தத்தை இணைத்து இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கணவன் அல்லது மனைவியும் குழந்தைகளும் உடனே சேர்ந்து விண்ணப்பிக்கலாம். துணைவருக்கு வேலை செய்யும் உரிமை உண்டு.

பாஸ்போர்ட்டை முதலில் பாருங்கள். அனுமதி பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளைத் தாண்டித் தரப்படாது. ஒன்றரை வருடம் மிச்சமிருக்கும் பாஸ்போர்ட்டோடு விண்ணப்பித்தால், மூன்று வருட வேலைக்கு ஒன்றரை வருட அனுமதிதான் வரும். புதுப்பித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் வரித்துறையில் தனிநபர் எண்ணுக்கு எழுதிக்கொடுங்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்குபவர்களுக்கு அது கிடைக்கும். வங்கிக் கணக்கு, மருத்துவர், கைபேசி ஒப்பந்தம் எல்லாம் அந்த எண்ணோடுதான் நகரும்.

வீடு கிடைக்குமா? குளிரைத் தாங்கமுடியுமா?

வீடுதான் கஷ்டம். வேலை உறுதியான அன்றே பல்கலைக்கழகத்தின் வீட்டு வசதிப் பிரிவுக்கு எழுதுங்கள். இணையத்தில் அழகான படம் காட்டி முன்பணம் கேட்பவருக்கு, வீட்டைப் பார்க்காமல் ஒரு குரோனர்கூட அனுப்பாதீர்கள்.

குளிரைக் கோட்டு பார்த்துக்கொள்ளும். இருட்டுதான் ஆளை அசைக்கும். டிசம்பரில் காலை 9 மணியை ஒட்டி விடியும், மூன்று மணிக்குள் இருட்டிவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வெளியே நடக்கும் பழக்கத்தை அக்டோபரிலேயே தொடங்கிவிடுங்கள்.

சுவீடிஷ் தெரிய வேண்டுமா?

ஆய்வகத்தில் ஆங்கிலம் போதும். துணைவர் வேலை தேடுகிறார் என்றால், அங்கேயே நீண்ட நாள் இருக்கும் எண்ணம் என்றால், முதல் மாதமே வகுப்பில் சேருங்கள்.

மூன்று ஆண்டு முடிந்த பிறகு என்ன?

போஸ்ட்டாக் தானாக நிரந்தரமாகாது. அடுத்த படி உதவி விரிவுரையாளர் பதவி: 4 முதல் 6 ஆண்டு, பட்டம் பெற்று 5 ஆண்டுக்குள் இருப்பவருக்கு முன்னுரிமை, முடிவில் விரிவுரையாளராக உயர்த்தும்படி கேட்கும் உரிமை. இடங்கள் மிகக் குறைவு.

இன்னொரு வழி ‘ஆய்வாளர்’ பதவி. தற்காலிக ஆய்வாளராக ஐந்து ஆண்டுக்குள் 12 மாதத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தால் சட்டப்படி நிரந்தரமாகிவிடும். இதனாலேயே பேராசிரியர்கள் அந்தப் பதவியைத் தரத் தயங்குகிறார்கள். ‘நிரந்தரம்’ என்ற சொல்லை நம் ஊர் அரசு வேலை போல எண்ண வேண்டாம், திட்டப் பணம் தீர்ந்தால் வேலையில்லை என்று காரணம் காட்டி நிறுத்த முடியும்.

பலர் உப்சாலாவிலும் ஸ்டாக்ஹோமிலும் உள்ள மருந்து, உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்களுக்குப் போகிறார்கள், சிலர் ஊர் திரும்பி ஐ.ஐ.டி., ஐசர் போன்ற இடங்களில் சேர்கிறார்கள். எதுவானாலும், வேலையில் சேர்ந்த முதல் மாதமே வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் உறுப்பினராகிவிடுங்கள். உதவித்தொகை முழு அளவில் வேண்டுமென்றால் 12 மாதம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது சேர்ந்தால் அந்த முழு அளவு கைக்கு எட்டாது.